மெரூன் துணியை மாற்றிய நாள்

நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நவராத்திரி சமயத்தில் சுடுமண் நகைக் கடை போட்டிருந்தேன். முதல் இரண்டு நாளும் வியாபாரம் மந்தம். குனிந்து பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை, வாங்க வருபவர்கள் நிற்கும் இடத்தில் நானே போய் நின்று பார்த்தேன். மேஜையில் மெரூன் துணி, அதன்மேல் செம்மண் நிற ஜிமிக்கி. எப்படிக் கண்ணில் படும்? உடனே வெள்ளைக் காடாத்துணி வாங்கி வந்து விரித்தேன். ஜிமிக்கிகளைத் தெர்மாகோல் அட்டையில் குத்தி, முகத்துக்கு நேராக நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு. விலை கேட்கவே கூச்சப்பட்டு நகர்பவர்கள் நிறைய.

அப்புறம் கண்ணாடி. அதுவரை சின்னக் கைக்கண்ணாடிதான் வைத்திருந்தேன். ஒரு கையில் பை, மறு கையில் கம்மல், கண்ணாடியை எந்தக் கையால் பிடிப்பது? ஒன்றரை அடிக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்ததும் ஆட்கள் நின்றார்கள், காதோரம் வைத்துப் பார்த்தார்கள், தோழியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

ஆள் இல்லாத நேரத்தில் களிமண்ணை உருட்டி, ஊசியால் இதழ் கீறிக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. "தண்ணி பட்டா கரையாதாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். சூளையில் சுட்ட மணி ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். அவளே போனில் தன் மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையைக் காட்டி, அதன் அரக்கு பார்டருக்குப் பொருத்தமாகக் கேட்டாள். ராத்திரியே வண்ணம் தீட்டிவிட்டேன். மறுநாள் அம்மாவோடு வந்து வாங்கிப் போனாள்.