செக்கு வாங்குவது சுலபம், பங்குதாரர் கிடைப்பதுதான் பாடு

எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு ஒருவழியாகக் கூட்டு நிறுவனப் பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. செக்கு வாங்கியது, கடை பிடித்தது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்தது எல்லாம் பெரிய சிரமமில்லாமல் முடிந்தன. கூட்டுக்கு ஆள் தேடியதும், அந்த ஆளோடு உட்கார்ந்து கூட்டுப் பத்திரத்தை ஒழுங்காக எழுதி முடித்ததும்தான் உயிரை எடுத்தன. இரண்டு பேராகச் சேர்ந்து தொழில் தொடங்க நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போனால் சில நடையாவது மிச்சமாகும்.

முதலில் கூட்டுச் சேர வந்தவர் என் நாத்தனாரின் கணவர். பாதிக்குப் பாதி பணம் போடுகிறேன் என்றார். செக்கு வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் கூலிக்கு ஆட்டி விற்றுப் பார்ப்போம் என்று சொன்னேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: முதலீடு போடும் முன் சின்ன அளவில் சேர்ந்து வேலை செய்து பாருங்கள், கையில் காசு புழங்கட்டும். காங்கேயத்தில் கொப்பரை, பக்கத்துச் சந்தையில் கடலைப் பருப்பு என்று வாங்கி, கூலிச் செக்கில் ஆட்டித் தெரிந்தவர்களுக்கு எண்ணெய் கொடுத்தோம்.

செக்குத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கடலைப் பருப்பை ஆட்டினால் எடையில் பாதிக்கு மேல் பிண்ணாக்காகத்தான் வெளியே வரும். மாடு வைத்திருப்பவர்கள் வந்து கையில் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள், யாரும் பில் கேட்க மாட்டார்கள். எண்ணெயில் போட்ட பணத்தை எடுத்தால் பிண்ணாக்கில்தான் லாபம் நிற்கும். அவர் எழுதி வந்த கணக்கில் எண்ணெய் இருந்தது, ஆட்டுக்கூலி இருந்தது, வண்டி வாடகைகூட இருந்தது. பிண்ணாக்கு என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, “பிண்ணாக்குக்கெல்லாமா கணக்குப் பார்ப்பாங்க? நாம என்ன அந்நியமா?” என்றார். அந்தப் பணம் எங்கே போனது என்று இன்றுவரை பதில் வரவில்லை.

அடுத்து, சிறு தொழிலுக்கான முத்ரா கடனுக்காக வங்கிக்குப் போனோம். இருவரின் கடன் அறிக்கையையும் எடுத்துப் பார்த்த அதிகாரி அவருடையதை என் பக்கம் திருப்பினார். யாரோ நண்பரின் வண்டிக் கடனுக்கு இவர் ஜாமீன் போட்டிருக்கிறார், தவணை பல மாதமாக நிற்கிறது. “நான் வாங்கலையே அண்ணா, ஜாமீன்தான போட்டேன்” என்று அதிகாரியிடம் வாதாடினார். தவணை நின்றால் ஜாமீன்தாரரின் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் விழும். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கூட்டுச் சேரும் பேச்சு வந்ததுமே இரண்டு பேரும் அதை எடுத்து மாற்றிக்கொண்டு பாருங்கள். தயங்குகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுப் பொறுப்பு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 25ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தொழிலுக்கென்று அவர் கடன் வாங்கி வைத்தால் என் வீட்டையும் கேட்டு வரலாம். அதனால் கடைசியாக ஒன்று கேட்டேன்: “நாளைக்கு ஒத்துவரலைன்னா எப்படிப் பிரியறதுன்னு பத்திரத்துல எழுதிக்கலாமா அண்ணா?” அபசகுனமாகப் பேசாதே என்று எழுந்து போய்விட்டார். அதோடு வேண்டாம் என்று முடித்துக்கொண்டேன். வீட்டில் பல நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிரிவதைப் பற்றிப் பேச முடியாத ஆளோடு சேர்ந்து தொழில் செய்ய முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு கிடைத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் அக்கா. மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து பல வருடம் கணக்கு எழுதியவர். அவர் நோட்டைத் தெருவில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாளே, “பேசினதையெல்லாம் தீர்மானமா எழுதிக்கலாம் கண்ணு, அப்பறம் மறந்துரும்” என்றார். எங்கள் தொழிலுக்கு அவர் போட்ட நோட்டில் பிண்ணாக்கு மூட்டைக் கணக்கு முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆள் சரியாக அமைந்த பிறகு காகிதம் படுத்தியது. பத்திரம் எழுதுபவர் தன்னிடம் இருந்த பழைய மாதிரியில் எங்கள் பெயரைப் போட்டு நீட்டினார். நான் அறுபது, அக்கா நாற்பது என்று பேசியிருந்தோம். பத்திரத்தில் லாபப் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அதெல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கங்க” என்றார். எழுதவில்லை என்றால் சட்டப்படி லாபமும் நட்டமும் சரிபாதிதான். தினமும் கடையில் உட்காரும் அக்காவுக்குச் சம்பளமும் கேட்க முடியாது, பத்திரத்தில் இருந்தால்தான் உண்டு. வங்கிக் கணக்கை இருவரும் கையெழுத்திட்டுத்தான் இயக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம், “இருவரில் எவரேனும்” என்று அடித்திருந்தார். ஒருவர் இறந்தால் வாரிசுக்கு எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதும் இல்லை. இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் போனால் கூட்டே முடிந்துவிடும். அந்த நேரத்தில் செக்கு யாருக்கு, கடை முன்பணம் யாருக்கு என்று துக்க வீட்டில் போய்ப் பேசவா முடியும்? முத்திரைத்தாள் வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்று முழுவதையும் புதிதாக எழுத வைத்தோம். அவர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். வரைவை முதலில் வெள்ளைத்தாளில் வாங்கி, வீட்டில் வைத்து வரி வரியாகப் படித்த பிறகே முத்திரைத்தாளில் ஏற்றச் சொல்லுங்கள்.

சம்பளம், வட்டி விஷயத்தில் ஆடிட்டர் சொன்னது உதவியது. பங்குதாரர் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரையிலான வட்டியைத்தான் வருமான வரியில் செலவாகக் காட்டலாம், அதுவும் பத்திரத்தில் இருந்தால்தான். 2025 ஏப்ரல் முதல் ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி என்று ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவது கட்டாயமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி பதியாத நிறுவனம் பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. ஓட்டலுக்கும் மளிகைக்கடைக்கும் கடனில் எண்ணெய் ஊற்றுகிற எங்களுக்கு அது சரிப்படாது.

பதிவில் இரண்டு இடத்தில் இடித்தது. அக்காவின் மகள் ஆசையாக வைத்த பெயரில் ‘ராயல்’ இருந்தது. ராயல், கிங், குயின் போன்ற சொற்களை அரசின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் கூட்டு நிறுவனப் பெயரில் வைக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 58ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் அதைச் சொல்லவே இல்லை. பெயரை மாற்றினோம். அடுத்தது இனிஷியல். ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயரின் இனிஷியல். கல்யாணமான பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கதைதான். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ரெண்டும் ஒண்ணா இருக்கணும்மா, மாத்திட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்தார். என்ன மாற்ற வேண்டும், எங்கே மாற்ற வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. பான் திருத்தி வரும்வரை பத்திரம் பீரோவில் கிடந்தது. பத்திரத்துக்கு முன்பே இருவரின் ஆதாரையும் பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்துக்கான பான் விண்ணப்பத்தில் தொடங்கிய தேதியாகப் பத்திரத் தேதியையே போடுங்கள். அட்டை வந்ததும் நான்காவது எழுத்து ‘எஃப்’ (F) என்று இருக்கிறதா பாருங்கள், ‘பி’ (P) என்றால் அது தனிநபருக்கானது. நடப்புக் கணக்கு சுலபமாகத் திறந்தது. இருவர் கையெழுத்து என்ற வரியைப் பத்திரத்தில் பார்த்ததும் வங்கியில் மறுபேச்சு இல்லை. முத்ரா கடனும் அக்காவின் அறிக்கையைப் பார்த்த பிறகு நகர்ந்துவிட்டது.

இப்போது கடையைப் பேருந்து நிலையத்துப் பக்கம் மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறோம். முதன்மை இடம் மாறினால் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். புதுக் கட்டடத்தின் வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றிக் கொடுத்தால்தான் முன்பணம் என்று அக்கா சொல்லிவிட்டார், நோட்டிலும் எழுதிக்கொண்டோம்.