அரை மில்லிமீட்டர்

ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் திரையில் தலையசைவைக் காட்டும் கோடு ஒன்று ஓடும்; அது சட்டென்று துள்ளும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மூளை ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகும் அந்தத் துள்ளலைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

காரணம் என் முதல் ஆய்வு. 22 பேருக்கு, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தோம். கவனம் எளிதில் சிதறுகிறவர்களின் மூளையில், தொலைவில் இருக்கும் பகுதிகளுக்கு இடையே தொடர்பு, அதாவது அவை சேர்ந்து ஏறி இறங்குவது, குறைவு என்று முடிவு வந்தது. அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அப்புறம் 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மிகச் சிறிய தலையசைவேகூடத் தொலைதூரத் தொடர்பைக் குறைத்தும் அருகிலுள்ள தொடர்பைக் கூட்டியும் காட்டும் என்றது. அசைவு மிகுந்த நொடிகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். ஒன்றுமே மிஞ்சவில்லை. கவனம் சிதறுகிறவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கருவி நியூரான்களை, அதாவது மூளையின் நரம்புச் செல்களை, நேராக அளப்பதில்லை. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டிய வழியில், ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் பிடிக்கிறது. நியூரான் வேலை செய்து நாலைந்து நொடி கழித்துத்தான் அந்த மாற்றம் உச்சத்தைத் தொடும். படத்தின் ஒரு சிறு கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நியூரான்கள். ‘இந்த இடம் ஒளிர்ந்தது, ஆகவே இது பயம்’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகள் கேட்டிருந்தார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே முறையில் அலசவில்லை. பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துப்போகவில்லை. மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. எங்களிடம் இருந்தது 22 பேர்!

ஏராளமானோரின் மூளையை ஸ்கேன் செய்யும், பிரிட்டனின் யூகே பயோபேங்க் போன்ற பெரிய திட்டங்கள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது, பத்தே பேரை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்து ஒவ்வொருவரின் மூளை வரைபடத்தையும் தனித்தனியாகத் தீட்டும் வழி.

நேற்று ஸ்கேன் முடிந்து எழுந்த ஒரு பெண், “என் மூளையில என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“இந்த ஒரு ஸ்கேனை வைத்து உங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதுங்க” என்றேன். முகம் வாடிவிட்டது. தலையை எவ்வளவு அசையாமல் வைத்திருந்தார் என்று அந்தக் கோட்டைக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே துள்ளல்.