ராம்பியன் மணிப்பூ: வேருக்கு ஒரு தொட்டி, விதைக்கு ஒரு தொட்டி

மணிப்பூச் செடிகளை அழகுக்காக வளர்ப்பவர்கள் நிறையப் பேர். நான் வளர்ப்பது சாப்பிடுவதற்கு. தாவரவியலில் இதைக் கம்பானுலா ரபுன்குலஸ் என்பார்கள், தோட்டக்காரர்களிடையே ராம்பியன். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் புல்வெளிகளிலும் வேலியோரங்களிலும் தானாக முளைக்கும் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு படிந்த இலைகளும் மண்ணுக்குள் ஒரு வெள்ளை வேரும் மட்டும்தான். அடுத்த ஆண்டில் தண்டு எழும்பிப் பூத்து, விதை கொடுத்துவிட்டுச் செடி மடிந்துவிடும். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் இதைப் பாத்தி கட்டிப் பயிரிட்டார்கள். இங்கிலாந்தின் ஜான் ஈவ்லின் 1699-இல் சாலட் கீரைகளைப் பற்றி எழுதியபோது, இதன் இளவேரை முள்ளங்கியைப் போலச் சாப்பிடலாம், அதைவிட இது சத்தானது என்று குறிப்பிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஒன்றைப் பிற்காலத் தோட்டங்கள் ஏன் கைவிட்டன என்பதை வளர்த்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

காட்டில் முளைப்பதைத் தோண்டினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வேர் இளசாக, இனிப்பாக இருப்பது பூப்பதற்கு முன்புதான். ஆனால் இந்தச் செடியைச் சந்தேகமின்றி அடையாளம் காட்டுவது அதன் பூ. பூ வந்த பிறகு வேர் நார் பாய்ந்து கட்டையாகிவிடும். ஆக, தோண்ட வேண்டிய பருவத்தில் கண்ணுக்குக் கிடைப்பது சில மெல்லிய ரோம இலைகள் மட்டுமே. இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ள டிஜிடாலிஸ் செடியும் முதல் ஆண்டில் இப்படித்தான் தரையில் இலை விரித்துக் கிடக்கும். வெட்டினால் வெள்ளைப் பால் வடிகிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், நஞ்சுள்ள லோபிலியாவும் இதே குடும்பம்தான், அதிலும் பால் வடியும். விதைத்து வளர்த்தால் இந்தக் கவலை பெருமளவு குறைகிறது.

பெருமளவு என்று சொல்லக் காரணம் உண்டு. கம்பானுலா ரபுன்குலாய்ட்ஸ் என்ற உறவுக்காரச் செடியின் விதை இதன் பெயரில் வந்து சேர்வதுண்டு. அதன் வேரும் உண்ணத்தக்கதே. ஆனால் அது மண்ணுக்குள் படர்ந்துகொண்டே போகும். வேரில் ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். வட அமெரிக்காவில் ஒழிக்க முடியாத களையாகிவிட்டது. அதன் அடி இலை இதய வடிவில், விளிம்பில் பற்களோடு, நீண்ட காம்பில் நிற்கும். ராம்பியனின் அடி இலை காம்பை நோக்கி மெல்ல ஒடுங்கி வரும், விளிம்பு லேசாக நெளிந்திருக்கும். என் தொட்டியில் இலைகள் ஒடுங்கி வந்ததைப் பார்த்த பிறகே நிம்மதி.

இனி விதை. கசகசாகூட இதன் பக்கத்தில் பூதமாகத் தெரியும். ஒரு கிராமில் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும். விரலால் தொட்டால் ரேகையில் ஒட்டிக்கொள்ளும், மூச்சுக் காற்றுப் பட்டால் பறந்துவிடும். உலர்ந்த நைஸ் மணலில் கலந்து, உப்புத் தூவுவதைப் போல ஈர மண்ணின் மேல் தூவினேன். மேலே மண் மூடவில்லை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் ரகம் இது. ஒரு பலகைத் துண்டால் லேசாக அழுத்தி, விதை மண்ணோடு ஒட்டும்படி செய்தால் போதும். பூவாளியால் ஊற்றினால் எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் என்பதால், தண்ணீர் நிரப்பிய தட்டில் தொட்டியை வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விட்டேன். மண்ணின் மேற்பரப்பு ஒரு பொழுதுகூடக் காயக் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் இந்தச் செடி கைவிட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். முளைக்கவே சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முளைத்த பிறகும் கூர்ந்து பார்க்காவிட்டால் பாசி படர்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

விதைக்கும் பருவமும் முக்கியம். வசந்தத்தின் தொடக்கத்தில் அவசரப்பட்டு விதைத்தால், சில செடிகள் அதே ஆண்டிலேயே தண்டு விட்டுவிடும், வேர் வீண். கோடையின் தொடக்கம்தான் பழைய தோட்டக்காரர்களின் கணக்கு. நானும் அதையே பின்பற்றினேன். தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், மண்ணில் கல் இருக்கக் கூடாது. கல்லில் முட்டினால் வேர் கவட்டையாகப் பிரிந்துவிடும். இதனால்தான் நாற்றைப் பிடுங்கி நடுவதையும் தவிர்த்து, இருந்த இடத்திலேயே அதிகப்படியான நாற்றுகளை நீக்கிக் கலைத்துவிட்டேன். செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி. கலைக்கும்போது இடுக்கிதான் உதவியது, விரல் நுழையவில்லை. நத்தைகளுக்கு இந்த நாற்று மிகவும் பிடிக்கும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுத்தேன்.

இலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே நின்றது. வெளி இலைகளில் செடிக்கு ஒன்றிரண்டு மட்டும் கிள்ளினேன், வேருக்கு உணவு சேர்க்க வேண்டுமே. கசப்பில்லை, மென்மையான சுவை. முற்றிய இலையின் ரோமம் நாக்கில் உறுத்தும், அதை வதக்கிச் சாப்பிடுவதுதான் நல்லது.

குளிர் நன்றாக இறங்கிய பிறகு முதல் தொட்டியைக் கவிழ்த்தேன். பெரும்பாலான வேர்கள் சுண்டுவிரல் பருமன், நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. நிறம் தூய வெள்ளை, நடுவில் சற்றுப் பருத்து இரு முனையிலும் கூம்பிய வடிவம். கொண்டையை அரிந்தவுடன் வெட்டுமுகத்தில் வெள்ளைப் பால் முத்து முத்தாகத் துளிர்த்தது. விரலில் பட்டால் பிசுபிசுப்பு, சற்று நேரத்தில் பழுப்பாகிறது. தோல் சீவவே தேவையில்லை, தேய்த்துக் கழுவினால் போதும்.

பச்சையாகக் கடித்தால் நறுக்கென்று உடைகிறது. முதலில் முள்ளங்கியின் நீர்ப்பதம், ஆனால் காரம் துளியும் இல்லை. மெல்ல மெல்ல இனிப்பு ஏறி, கடைசியில் வால்நட் பருப்பின் சாயல். பாதியை வேகவைத்தும் பார்த்தேன். வெந்த வேர் மென்மையாக இருந்தது, ஆனால் அந்தக் கடைசிச் சுவை போய்விட்டது. இந்த வேரை அடுப்பில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும்.

ஒரு சிறு சோதனையும் செய்தேன். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றிலும் ராம்பியன் துண்டு ஒன்றிலும் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். உருளைக்கிழங்கு அதன் மாவுச்சத்தால் உடனே கருநீலமானது. ராம்பியனில் அயோடினின் பழுப்பு அப்படியே நின்றது. மணிப்பூக் குடும்பம் தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைப்பதில்லை, இனுலின் என்ற நார்ச்சத்தாக வைக்கிறது. நம் சிறுகுடலால் இனுலினைச் செரிக்க முடியாது; பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள்தான் அதைப் புளிக்கச் செய்கின்றன. ஒரே வேளையில் நிறையத் தின்றால் வயிறு உப்பும், கவனம்.

இரண்டாவது தொட்டியைத் தொடவே இல்லை. தோண்டிவிட்டால் விதை கிடையாது. விதை வேண்டுமானால் வேரை மறக்க வேண்டும். இரண்டையும் ஒரே செடியிடம் கேட்க முடியாது. பனி விலகியதும் தண்டு எழும்பி இடுப்பளவு உயர்ந்தது. ஊதா கலந்த வெளிர்நீலப் பூக்கள், ஒவ்வொன்றும் ஐந்து மடல் கொண்ட சிறு மணி, கிளைகளில் நிமிர்ந்து நின்றன.

விரியத் தயாராக இருந்த மொட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்து மகரந்தப் பைகளும், பூவின் நடுவே நிற்கும் பெண் உறுப்பான சூல்தண்டைச் சுற்றி இறுக அணைத்துக்கொண்டு, மகரந்தம் முழுவதையும் அதன் மேலுள்ள நுண்ரோமங்களில் அப்பிவிட்டிருந்தன. பூ விரியும்போது அந்தப் பைகளுக்கு வேலை முடிந்துவிடுகிறது. சுருண்டு அடியில் கிடக்கின்றன. மகரந்தத்தை ஏந்தி நிற்பது சூல்தண்டுதான். பிறகு அந்த ரோமங்கள் ஒவ்வொன்றாகத் தண்டின் உட்புறமாகவே இழுத்துக்கொள்கின்றன, மகரந்தம் விடுபடுகிறது. அதன் பின்னரே நுனி மூன்றாகப் பிளந்து, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி விரிகிறது. முதலில் ஆண் பருவம், அடுத்து பெண் பருவம். பக்கத்துப் பக்கத்துப் பூக்களில் இரண்டு பருவங்களையும் கைக்கண்ணாடியில் பார்க்க முடிந்தது. ஐரோப்பாவில் கெலோஸ்டோமா ராபுன்குலி என்ற சிறு கரிய தேனீ இருக்கிறது. தன் புழுக்களுக்காக மணிப்பூக்களின் மகரந்தத்தை மட்டுமே அது சேகரிக்கிறது. உணவுக்காக மட்டும் வளர்ப்பவர்களும் ஒரு வரிசையையாவது பூக்க விட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தத் தேனீயும் ஒரு காரணம்.

இப்போது காய்கள் முற்றிக்கொண்டிருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் காய் என்பதால் துளைகள் மேல்பக்கம் திறக்கின்றன. காற்று தண்டை ஆட்டினால்தான் விதை சிதறும். தலைகீழாகத் தொங்கும் காய்களைக் கொண்ட மணிப்பூ வகைகளில் துளைகள் காம்பின் பக்கம் இருக்கும், அங்கே அதுதான் மேல்பக்கம். துளை திறந்த தண்டுகளை மட்டும் காகிதப் பைக்குள் சாய்த்துத் தட்டி எடுத்து வருகிறேன். கிடைத்ததில் ஒரு பங்கு அடுத்த கோடை விதைப்புக்கு. இன்னொரு பங்கைத் தோட்டத்தின் ஓரத்தில் இப்போதே தூவியிருக்கிறேன், கவனிப்பில்லாமல் தானாக எவ்வளவு முளைக்கும் என்று பார்க்க. வேருக்கான புதிய தொட்டியில் மணலைக் கூட்டி, செடிகளின் இடைவெளியை ஆறு விரலாக்கப் போகிறேன். வேர் சுண்டுவிரலைத் தாண்டிப் பருக்குமா என்பது அடுத்த குளிர்காலத்தில் தெரியும்.