மில்டன் புயலும் சாவி கைக்கு வராத வீடும்

புளோரிடாவில் அக்டோபர் மாதம் வீடு மாறப்போகிறோம் என்றால் பழையவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் பருவம். எங்களுக்கு வேறு வழியில்லை. டாம்பாவில் இருந்த அபார்ட்மென்ட்டின் வாடகை ஒப்பந்தம் அக்டோபர் நடுவில் முடிந்தது. வாங்கவிருந்த வீட்டுக்கு, கடன் பத்திரங்களில் கையெழுத்திட்டுச் சாவி வாங்கும் ‘க்ளோசிங்’ 2024 அக்டோபர் 10 என்று குறித்தாகிவிட்டது. மில்டன் புயல் கரையைக் கடந்தது 9-ஆம் தேதி இரவு.

தண்ணீர் பாட்டில், டார்ச், பேட்டரி எல்லாம் எந்தக் கடைவாசலிலும் பட்டியலாகவே ஒட்டியிருக்கும். புயல் காலத்தில் வீடு வாங்குபவர்களுக்கு அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: காப்பீட்டை உறுதி செய்யுங்கள், தண்ணீரைப் பிறகு வாங்கலாம். ஒரு பகுதிக்குப் புயல் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டவுடன் காப்பீட்டு நிறுவனங்கள் அங்கே புதிய பாலிசி கொடுப்பதை நிறுத்திவிடும். பிரீமியம் எவ்வளவு என்று முன்பே எழுதித் தந்திருந்தாலும், பணம் கட்டிப் பாலிசி நடைமுறைக்கு வராவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் சாவி கிடைக்காது.

எங்கள் காப்பீட்டு முகவர் விவரம் தெரிந்த பெண்மணி. அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார். “மெக்சிகோ வளைகுடாவில் ஏதோ உருவாகப்போவதாகச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்” என்றார். அன்று மாலையே கணினியில் கையெழுத்திட்டு முதல் தவணையைக் கட்டினோம். மறுநாள் சனிக்கிழமை மில்டனுக்குப் பெயர் சூட்டப்பட்டது. திங்கட்கிழமை அது ஐந்தாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகைப் புயலாகி மணிக்கு 180 மைல் வேகக் காற்றோடு சுழன்றுகொண்டிருந்தது. அதே வாரம் க்ளோசிங் வைத்திருந்த என் கணவரின் அலுவலக நண்பருக்குப் பாலிசி கிடைக்கவில்லை. அவர் எங்களைவிட அதிக நாள் அலைந்தார்.

இதில் இன்னொரு நுணுக்கம். வீட்டுக் காப்பீடு காற்றுக்கு ஈடு தரும், வெள்ளத்துக்குத் தராது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. நாங்கள் வாங்கிய வீடு வெஸ்லி சேப்பலில், கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. வெள்ளப் பாலிசி கட்டாயமில்லை என்று வங்கியே சொன்னது. ஆனாலும் எடுத்தோம். இரண்டு வாரம் முன்புதான் ஹெலீன் புயல் எங்கோ வடக்கே கரையைக் கடந்தபோதிலும் டாம்பா விரிகுடா ஊருக்குள் புகுந்ததைப் பார்த்திருந்தோம். கடற்கரையோரத் தெருக்களில் நனைந்த சோபாக்களும் மெத்தைகளும் இன்னும் அள்ளப்படாமல் குவிந்து கிடந்தன. அடுத்த காற்றில் அவை எங்கே பறக்கும் என்பதே அப்போது ஊரின் கவலை.

எங்கள் அபார்ட்மென்ட் இருந்தது டவுன் அண்ட் கன்ட்ரி பகுதியில், தரைத்தளத்தில். டாம்பா அடங்கிய ஹில்ஸ்பரோ கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல), வெள்ள அபாயம் அதிகமுள்ள ஏ, பி மண்டலங்களில் இருப்பவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது, நாங்கள் ஏ. டாம்பா விரிகுடாவில் கடல்மட்டம் 10 முதல் 15 அடி வரை உயரலாம் என்றார்கள். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பாதி வீடு ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளில் இருந்தது. மீதிப் பாதியில் கொலு! நவராத்திரி 3-ஆம் தேதி தொடங்கியிருந்தது. மாறப்போகிற வீட்டில் எதற்குக் கொலு என்று கணவர் கேட்டதற்கு, “மூன்று படிதானே” என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது பொம்மைகளை எங்கே வைப்பது? இந்த ஊரில் பலர் செய்வதுபோலப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் துண்டுகளில் சுற்றி அடுக்கி, கதவை அழுத்திப் பூட்டினேன். அதன் கதவு ஓரளவு தண்ணீர் தாங்கும் என்பார்கள். தசாவதார செட்டில் கூர்மம் மட்டும் இடம் கொள்ளாமல் என் கைப்பையில் பயணம் செய்தது. பெட்டிகளைச் சமையல் மேடை, அலமாரி உச்சி என்று உயரமான இடங்களுக்கு ஏற்றினோம். ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டோம். வாடகைதாரர் காப்பீட்டில் இழப்பீடு கேட்கவும், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்கவும் அதே வீடியோ போதும். பாஸ்போர்ட்டுகள், விசா தாள்கள், பிள்ளைகளின் தடுப்பூசிச் சான்று, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் ஜிப் உறையில் போய் என் மடியிலேயே இருந்தன.

ஊரிலிருந்து அம்மா மணிக்கொரு தரம் அழைத்தார். அம்மா வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பையெல்லாம் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர். “அரிசி பருப்பு கிடக்கட்டும்மா, அடுப்பு எரியுமா?” என்று கேட்டார். சரியான கேள்வி. இங்கே எங்களுக்கு மின் அடுப்பு; கரண்ட் போனால் டீகூடப் போட முடியாது. வெளியில் வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடலாம். ஆகவே புளியோதரை கிளறி, சப்பாத்தி சுட்டு, இரண்டு நாள் சுண்டலை முன்கூட்டியே தாளித்து எடுத்துக்கொண்டோம்.

எங்கே போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஜார்ஜியாவுக்கே போய்விடலாம் என்றார் கணவர். அதற்குள் ஐ-75 நெடுஞ்சாலை வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. வழியில் பல பெட்ரோல் பங்க்குகள் காலி. நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம், தண்ணீர் ஏறாத இடத்துக்குச் சில பத்து மைல் போனால் போதும் என்று அதிகாரிகளும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அந்தக் கட்சி. வெஸ்லி சேப்பலில் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனோம். வாங்கப்போகும் வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம். சாவி மட்டும் இல்லை.

புதன் இரவு எட்டரை மணி வாக்கில் சியஸ்டா கீ என்ற தீவு அருகே மில்டன் மூன்றாம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. அது டாம்பாவுக்குத் தெற்கே. அதனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்து, விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. நாங்கள் பயந்த வெள்ளம் வரவில்லை. எங்களுக்குத் தெற்கே இருந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். மழையோ வேறு கதை. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 18 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அங்கேயே டிராப்பிக்கானா ஃபீல்டு விளையாட்டரங்கின் கூரைத் துணி கிழிந்து தொங்கியது. மாநிலத்தில் 30 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. அக்கா வீட்டிலும் இல்லை.

எங்கள் பெட்டிகள் நனையவில்லை. ஆனால் சிக்கல் அதன்பிறகுதான் ஆரம்பித்தது. பேரிடர் பகுதி என்று அறிவிக்கப்பட்டதால், வீடு பழைய நிலையிலேயே இருக்கிறதா என்று மறுபடி பார்த்துச் சான்று வந்தால்தான் கடன் என்றது வங்கி. பார்வையிடும் ஆட்களுக்கோ ஊர் முழுக்க வேலை. அபார்ட்மென்ட் நிர்வாகத்திடம் தங்கும் காலத்தை நீட்டிக் கேட்டேன். நாள்கணக்கில் வாடகை போட்டுச் சம்மதித்தார்கள், வழக்கமானதைவிடக் கூடுதல் விலைக்கு. எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வாய்வார்த்தையை நம்பும் இடமல்ல இது. முன்பதிவு செய்திருந்த லாரி ரத்தாகி, அடுத்த லாரி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கிடைத்தாலும் டீசல் வேண்டுமே.

கடைசியில் வந்து பார்த்தவர் கூரையில் சில ஓடுகள் பெயர்ந்திருப்பதாகவும் வேலியின் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகவும் எழுதினார். விற்பவர் முதலில் மறுத்தார். எங்கள் ஒப்பந்தத்திலோ, க்ளோசிங்குக்கு முன் ஏற்படும் சேதத்தை விற்பனை விலையில் 1.5 சதவீதம் வரை விற்பவரே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. ஒப்பந்தத்தை முழுதும் படிக்கும் என் பழக்கத்தைக் கேலி செய்யும் கணவரே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். கூரையைச் சரிசெய்தார்கள், வேலிக்குப் பணமாகக் கழித்தார்கள்.

பிறகு கையெழுத்து, சாவி, பள்ளிக்கூடத்துக்கு முகவரிச் சான்று என்று எல்லாம் வேகமாக நடந்தன. கவுன்டி மாறியதால் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாறியது. க்ளோசிங் பத்திரத்தின் நகலே சான்றுக்குப் போதுமானதாக இருந்தது.

புது வீட்டின் கார் ஷெட்டில் பழைய உரிமையாளர் புயலின்போது ஜன்னல்களை மூடுவதற்கான அலுமினியத் தகடுகளை விட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொன்றிலும் எந்த ஜன்னலுக்கு என்று பேனாவால் எழுதியிருக்கிறது. பொருத்திப் பார்த்ததில் பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு மட்டும் தகடு இல்லை, பாதி இடங்களுக்கு மரையாணிகளும் இல்லை. புயல் நெருங்கும் வாரத்தில் இவை கடையில் இருக்காது என்பதால் பிப்ரவரியிலேயே அளவெடுத்து ஆர்டர் கொடுக்கப்போகிறோம்.