குழம்பிய தொட்டியில் தேளி வளர்த்தேன்

பள்ளத்தூர்ப் பக்கம் ஊருணி தெளிந்து கிடந்தால்தான் ஊருக்கு மரியாதை. நான் தேளி மீன் வளர்க்கத் தார்ப்பாய்த் தொட்டியில் போர்த் தண்ணீரை நிரப்பி வெல்லத்தைக் கரைத்து ஊற்றியதும் அப்பத்தா கேட்டது: "ஏய்யா, நல்ல தண்ணியைக் காசு செலவழிச்சா கலக்குவாக?"

கலக்கத்தான் வேண்டும், பயோபிளாக் என்பதே அதுதான். மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அமோனியாவாகும். வெல்லம் கிடைத்தால் பாக்டீரியா பெருகி அந்த அமோனியாவை இழுத்துக்கொண்டு பழுப்புத் திரளாகச் சேரும். அதையே மீன் தின்னும், புரதம் உள்ள தீனி. அடிக்கடி தண்ணீர் மாற்றவும் வேண்டாம். எங்கள் செம்மண் காட்டுக்கு இது ஒன்றே போதும்.

4 மீட்டர் விட்டத் தொட்டி, சுமார் 15,000 லிட்டர். 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 20 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. தண்ணீரைச் சோதித்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டினால் தொட்டிக்கு 600 கிராம். வெல்லமானால் கொஞ்சம் கூட.

குஞ்சு வாங்கப் போன இடத்தில், வேகமாக வளரும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அது தடை செய்யப்பட்ட மீன். நம்மூர்க் கெளுத்தி வகையான நாட்டுத் தேளியையே வாங்கினேன். முள் குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும், அது வேறு கதை.

இரண்டாம் மாதம் ஒருநாள் இரவு கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் ஏர் பம்ப் நின்றது. தேளி மேலே வந்து ஒரு வாய் காற்றைப் பிடித்துக்கொள்ளும் மீன்தானே என்று படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் மேல்தண்ணீர் தெளிந்து, திரளெல்லாம் அடியில் கறுத்து, அழுகிய முட்டை வாடை. மீன் சாகவில்லை, ஆனால் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காற்று மீனுக்கு மட்டுமில்லை, அந்தத் திரளுக்கும்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கரண்ட் வந்ததும் ஏர் பம்ப்பைப் போடப் போன கையை இழுத்துக்கொண்டேன். போட்டிருந்தால் அடியில் கிடந்த நஞ்செல்லாம் மேலே கலந்திருக்கும். நடுக்குழாயைத் திறந்து கறுப்புச் சேற்றை வெளியேற்றி, மூன்றில் ஒரு பங்கு புதுத் தண்ணீர் விட்டு, அப்புறம்தான் காற்று. இரண்டு நாள் தீவனம் கிடையாது. அந்த வாரமே இன்வெர்ட்டர் வாங்கினேன்.

இப்போது தினமும் காலையில் அளவுக்கோடு போட்ட, அடி கூம்பிய குடுவையில் ஒரு லிட்டர் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்க்கிறேன். திரள் 25 முதல் 40 மில்லி வரை படிந்தால் சரி, அதற்கு மேல் போனால் அடிச்சேற்றைக் கழிக்க வேண்டும்.

ஏழாம் மாதம் எடை போட்டோம். கலங்கல் தொட்டியில் பத்து மீன் 700 கிராம். ஒப்பிட்டுப் பார்க்க விட்டிருந்த தெளிநீர்த் தொட்டியில் பத்து மீன் 500தான். அப்பத்தா தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது: "சரி, குழம்புக்கு நாலு எடு. நல்ல தண்ணியில நாலு தடவை அலசிட்டுக் குடு."