மேடைய நானே தான் கோணலாக்கி வச்சேன்

இன்டர்வியூக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? அலமாரி அடியில கிடந்த ஒயர் டப்பாவ தரையில கொட்டி, பழைய சார்ஜர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சிக்கெடுத்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுட்டு இருந்தேன். மூணு வருஷமா திறக்காத டப்பா அது. படிக்க வேண்டிய நோட்ஸ் மேஜை மேல அப்படியே கிடக்கு, லேப்டாப் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அதுவா அணைஞ்சிருச்சு, நான் கீழ உக்காந்து இந்த சார்ஜர் எந்த போனுக்கு வாங்குனதுன்னு தீவிரமா ஆராய்ச்சி பண்றேன்.

அடுத்த நாள் இன்டர்வியூ செம சொதப்பல். வெளிய வந்த உடனே ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன், ஹலோ கூட சொல்லல, "டேய், நான் ஒண்ணுமே பிரிப்பேர் பண்ணலடா" அப்படின்னேன். சொல்லும்போது ஒரு நிம்மதி இருந்துச்சு பாருங்க, உண்மைய சொன்னா லைட்டா ஒரு பெருமை கூட இருந்துச்சு. படிச்சிருந்தா கிழிச்சிருப்பேன்ல, அந்த மாதிரி.

இது ஒரு தடவை நடந்திருந்தா சரி விடுன்னு போயிருப்பேன். திரும்பிப் பாத்தா எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட ஒவ்வொரு விஷயத்துக்கும் முந்தின ராத்திரி ஒரு ஒயர் டப்பா இருந்திருக்கு. தலைவலி, தூக்கம் வரல, திடீர்னு ஒரு சொந்தக்காரங்க வேலை, கடைசி நாள் கடைசி மணி நேரத்துல அனுப்புன அப்ளிகேஷன். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்னு ஒரு பழமொழி இருக்குல்ல, அதுல வர்றவ பரவால்ல, ஆடி முடிச்சிட்டு தான் மேடைய குறை சொன்னா. நான் முந்தின நாள் ராத்திரியே போய் மேடையோட ஒரு கால அறுத்து வச்சிட்டு வந்த ஆளு.

இதுக்கு சைக்காலஜில தனியா ஒரு பேரே இருக்கு, செல்ஃப் ஹேண்டிகேப்பிங், அதாவது தோத்தா சொல்றதுக்கு ஒரு சாக்க முன்னாடியே நாமளே ரெடி பண்ணி வச்சுக்கறது. 1978ல ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கொஞ்சம் பேருக்கு பெரும்பாலும் விடையே இல்லாத கேள்வியா குடுத்துட்டு, அவங்க குருட்டாம்போக்குல எதையோ எழுத, சூப்பரா பண்ணிட்டீங்கன்னு சொல்லிட்டாங்க. அடுத்த டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரைல ஒண்ண எடுத்துக்கலாம், ஒண்ணு மூளைய நல்லா ஓட வைக்கும், இன்னொண்ணு மந்தமாக்கும்னு சொன்னாங்க. எப்படி ஜெயிச்சோம்னே தெரியாம ஜெயிச்ச பசங்க, முக்கியமா ஆம்பள பசங்க, மந்தமாக்குற மாத்திரைய கை காட்டுனாங்க. இதுல என்னை உலுக்குனது என்னன்னா, பயந்தது தோத்தவன் இல்ல, பாராட்டு வாங்குனவன். அந்தப் பாராட்டு பொய்னு அடுத்த டெஸ்டுல தெரிஞ்சிருமோன்னு தான் பயம். சின்ன வயசுல இருந்து "நீ புத்திசாலி"ன்னு கேட்டே வளந்த எனக்கு இத படிச்சப்ப எங்கயோ சுருக்குன்னு குத்துச்சு.

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. அப்ளை பண்றதுன்னா ஒண்ணு கண்ண மூடிட்டு கிடைக்குற வேலையா பாத்து பண்ணுவேன், இல்லன்னா கனவுல கூட கிடைக்காத இடத்துக்கு பண்ணுவேன். நடுவுல இருக்குறது, அதாவது நல்லா உழைச்சா கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம்னு இருக்குறது, அத தொடவே மாட்டேன். ஏன்னா அங்க தோத்தா அது நான் தோத்ததா ஆயிரும். ஜான் அட்கின்சன்னு ஒருத்தர் 1957லயே கிட்டத்தட்ட இத தான் எழுதியிருக்காரு, தோல்வி பயம் அதிகமா இருக்குறவன் ரொம்ப ஈஸியான இலக்கு இல்லன்னா ரொம்ப கஷ்டமான இலக்கு பக்கம் ஒதுங்குவான்னு. அப்புறம் குச்சில வளையம் போடுற விளையாட்ட வச்சு பாத்தப்ப, சாதிக்கணும்னு ஆசை ஜாஸ்தியா பயம் கம்மியா இருந்தவங்க தான் நடு தூரத்துல நின்னு அதிகம் வீசியிருக்காங்க. முயல அடிச்ச அம்ப விட யானைய தவறவிட்ட வேல் மேல்னு நம்ம எல்லாரும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனோம். மார்க் வாங்குனதோட சரி.

அதுக்கப்புறம் வந்த இன்டர்வியூக்கு ஒரு முடிவு பண்ணேன். தைரியம் எல்லாம் வரல, வரும்னு காத்திருந்தா இன்னும் நாலு டப்பா சுத்தம் பண்ணியிருப்பேன். ஒரு பேப்பர எடுத்து இது கிடைக்கலன்னா என்ன ஆகும்னு வரிசையா எழுதுனேன். மெயில் வரும். ரெண்டு நாள் வயிறு எரியும். அக்கா போன் பண்ணி என்னாச்சுன்னு கேப்பா, மறுபடியும் இல்லன்னு சொல்லணும். இப்ப வாங்குற சம்பளம் அப்படியே வரும். அவ்வளவு தான், நாலு வரி. எத்தனையோ வருஷமா பூதம் மாதிரி நெஞ்சு மேல உக்காந்திருந்தது பேப்பர்ல அரை பக்கம் கூட வரல.

இதுல ஒண்ணு சொல்லணும். அந்த நாலாவது வரில "வாடகை கட்ட முடியாது"ன்னு உங்களுக்கு வந்தா நான் சொல்ற எதையும் கேக்காதீங்க, உங்க பயம் சரியா தான் கணக்கு பாத்திருக்கு. தோத்தா தாங்கிக்க ஒரு மெத்தை கீழ இருக்குறவன் மேல நின்னுட்டு எல்லாரையும் குதிங்கன்னு சொல்றது எனக்கு சுத்தமா பிடிக்காது. தோல்விய கொண்டாடுங்கன்னு பேசுற ஆளுங்களப் பாத்தாலும் அதே எரிச்சல் தான் வருது, தோல்வில கொண்டாட ஒரு எழவும் இல்ல.

சரி, மூணு வாரம் ஒழுங்கா படிச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன், போன்ல ரெக்கார்ட் பண்ணி என் குரல நானே சகிச்சுக்கிட்டு கேட்டேன், முந்தின நாள் சீக்கிரமா தூங்குனேன்.

கிடைக்கல.

ரெண்டு வரி மெயில். அதுல என் பேர தப்பா வேற போட்டிருந்தாங்க. இந்த தடவை வலி ஜாஸ்தி, அத மறைக்க விரும்பல. ஃப்ரெண்டுக்கு போன் பண்ணிட்டு பேசாம இருந்தேன், ஏன்னா சொல்றதுக்கு சாக்கே இல்ல. "நல்லா தான்டா பண்ணேன், எடுக்கல" அப்படின்னு சொல்லும்போது தொண்டை ஒரு மாதிரி அடைச்சுது. அவன் "ம்ம்"னான். கொஞ்ச நேரம் கழிச்சு "எங்க மாட்டுன?"ன்னு கேட்டான்.

அந்த கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு! முத ரெண்டு ரவுண்டு நல்லா போச்சு, மூணாவதுல டீம்ல ரெண்டு பேர் ஒத்துப்போகலன்னா எப்படி சமாளிச்சேன்னு கேட்டாங்க, நான் டீம நடத்துனதே இல்ல, சுத்தி வளைச்சேன், அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. இவ்வளவு தெளிவா எனக்கு எந்த தோல்வியும் எதையும் சொன்னதில்ல. முன்னாடி எல்லாம் ஏன் தோத்தேன்னு கேட்டா "பிரிப்பேர் பண்ணல", முடிஞ்சுது கதை. ஏழெட்டு இன்டர்வியூ தோத்தும் எனக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு ஒரு மண்ணும் தெரியாம இருந்ததுக்கு காரணம் அந்த சாக்கு தான். மானத்த காப்பாத்துறேன்னு வந்து, கத்துக்க வேண்டியத மொத்தமா முழுங்கிட்டு போயிருக்கு.

அப்புறம் ஆபீஸ்ல எல்லாரும் என்ன நினைப்பாங்கன்னு ஒரு வாரம் தலைய குனிஞ்சிட்டே திரிஞ்சேன். பக்கத்து சீட்ல இருக்குறவர் கிட்ட ஒரு நாள் மனசு கேக்காம சொல்லிட்டேன், "ஓ, இன்டர்வியூ போனீங்களா?"ன்னாரு. மனுஷனுக்கு விஷயமே தெரியல. 2000ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு பாடகர் முகம் போட்ட, போடவே வெக்கமா இருக்குற டிஷர்ட்ட மாட்டி ஒருத்தர ரூமுக்குள்ள அனுப்புவாங்க, போட்டவங்க கிட்டத்தட்ட பாதி பேர் கவனிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க, கவனிச்சது கால்வாசி பேர் அளவுக்கு தான். என் கேஸ்ல அந்த கால்வாசி கூட தேறல.

இப்ப அந்த நாலு வரி பேப்பர வச்சிருக்குற நோட்டுலயே கிடைக்காம போனது எல்லாத்தையும் எழுதுறேன், எங்க மாட்டுனேன்னு ஒரு வரியோட. ஐடியா என்னோடது இல்ல, மெலனி ஸ்டீஃபன்னு ஒரு விஞ்ஞானி 2010ல தோல்விகளுக்குன்னு தனியா ஒரு பயோடேட்டா எழுதி வைங்கன்னு சொன்னாங்க. ஜோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர்னு ஒரு பேராசிரியர் 2016ல அதே மாதிரி தன்னோடத நெட்ல போட்டாரு, அது பயங்கரமா பரவிருச்சு. கடைசில, தான் பண்ண ஆராய்ச்சி எல்லாத்தையும் விட இந்த தோல்வி லிஸ்டுக்கு தான் கவனிப்பு ஜாஸ்தின்னு அதையும் ஒரு தோல்வியா லிஸ்ட்ல சேத்துட்டாரு, எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான்.

ஆபீஸ்ல கேட்டு வாங்கி ஆறு மாசமா ஒரு சின்ன டீம பாத்துக்கறேன். மூணே பேர், அதுல ரெண்டு பேருக்கு ஆகாது, நல்ல பயிற்சி. அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை. கை இப்பவும் சில்லுன்னு தான் இருக்கு, நேத்து ராத்திரி ஒயர் டப்பா பக்கம் ரெண்டு தடவை பார்வை போச்சு. ரப்பர் பேண்ட் எல்லாம் இத்துப் போயி ஒயர் பூரா மறுபடியும் சிக்கா கிடக்கு, கிடக்கட்டும்.