நேரம் எழுதாத 63 அளவுகள்

வாய்க்கால் தண்ணீரின் உப்பை அளந்து எழுதிய கள அறிக்கைக்கான மதிப்பெண் போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. 100-க்கு 61. "வியட்நாம் வரை போய்வந்து 61-தானா?" என்று அம்மா கேட்டார். அந்த 61-ஐ எட்டவே பட்ட பாடு எனக்கும் என்னோடு அளவெடுத்த தோழிக்கும்தான் தெரியும். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாகிவிட்டது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் உணவுக்கூடத்தில் மறித்துக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, மொத்தமாக எழுதிவிடுகிறேன். விசா, காப்பீடு, பணம் கட்டும் தவணை எல்லாம் துறை அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நேர்காணலில் எனக்கு முன்னால் போன நான்கு பேர் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தாராம். ஆகவே இவர்களும் வெளிநாடு போக வேண்டுமாம். கேட்டவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது முகத்திலேயே தெரிந்தது. என்னிடம், "உன் ஊருக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் வருகிறது?" என்றார் பேராசிரியர். காவிரி என்று சொல்ல வாயெடுத்து, எப்படியோ அடப்பாறு என்றேன். வெண்ணாற்றுப் பாசனம், தலைஞாயிறு பக்கம் கடைமடை, கோடையில் கடல் நீர் அதே வழியாகத் திரும்பி ஏறும். "எவ்வளவு தூரம் ஏறும்?" "தெரியாது சார்." அதற்கு மேல் கேட்கவில்லை. பட்டியலில் என் பெயர் இருந்தது. ஆகவே உங்கள் வாய்க்காலின் பெயரையும் அது எங்கே பிரிகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆங்கிலம் திக்கினால் திக்கட்டும், எனக்கும் திக்கியது.

பயணம் மார்ச்சில் இருந்தது. செமஸ்டர் தேர்வை ஒட்டி வருகிறதே என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் நாங்கள் போன மேகாங் டெல்டாவில், அதாவது மேகாங் ஆறு கடலில் சேரும் தென் வியட்நாமில், உப்பு உச்சத்துக்கு வருவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்துவிடும்; கடல் உள்ளே நுழையும். 2016-லும் 2020-லும் வழக்கத்தைவிட வெகுதூரம் ஏறிப் பயிரையும் குடிநீரையும் கெடுத்தது. லிட்டருக்கு 4 கிராம் உப்பு என்ற எல்லைக்கோட்டை வைத்துத்தான் அங்கே பேசுகிறார்கள். மழைக்காலத்தில் நெல், வறண்ட காலத்தில் அதே வயலில் இறால் என்று மாற்றிப் போடுகிற இடங்களும் உண்டு. நாங்கள் தங்கியது பென் ட்ரே பகுதியில். எங்கு பார்த்தாலும் தென்னை. வீட்டுக்கு வீடு, குதிர் மாதிரிப் பெரிய ஜாடிகளில் மழைநீர் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரு வாய்க்கால் ஒதுக்கப்பட்டது. ஆற்று முகத்திலிருந்து உள்ளே ஏழு இடங்கள், ஒன்பது நாள், ஆக 63 அளவுகள். படகு கிடைத்தபோது காலையில் போனோம். கிடைக்காதபோது மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, மின்கடத்துத்திறனை வைத்து உப்பைக் காட்டும் இ.சி. மீட்டரை விட்டு, எண் நிலைத்ததும் நோட்டில் எழுதுவோம். தேதி, இடம், எண். கட்டம் போட்டு, இரண்டு நிற மையில், அச்சடித்தது போல எழுதியிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்து எனக்கே பெருமை.

பத்தாம் நாள் இரவு விடுதி முற்றத்தில் உட்கார்ந்து பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். "மூன்றாம் இடத்தில் ஒரு நாள் 2.1 கிராம். மறுநாள் அதே இடத்தில் 6.8. நடுவில் என்ன நடந்தது?" இறால் குட்டையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று நானாக ஒரு கதை சொன்னேன். அவர் விரலை எடுக்காமல், "நேரம் எங்கே அம்மா?" என்றார்.

நேரம் இல்லை. அந்தக் கடற்கரையில் ஒரு நாளைக்கு இருமுறை ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி வற்றுகிறது. பெருத்த ஓதத்தில் நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேலும் உயர்ந்து தாழும். ஏறும்போது எடுத்த உப்பும் வற்றும்போது எடுத்த உப்பும் ஒரே தண்ணீர் அல்ல. நேரம் தெரியாத எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று விடிய விடிய தொலைபேசிப் படங்களைத் தோண்டினோம். சில இடங்களில் மீட்டர் திரையைப் படம் எடுத்திருந்தோம். படத்துக்குள் நேரம் பதிவாகியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல். தோழி உள்ளூர் சிம் வாங்கவில்லை, கடிகாரத்தையும் மாற்றவில்லை. அவள் படங்களெல்லாம் இந்திய நேரத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டினோம். இப்படி மீட்டது 19. மீதி 44 போயின. அறிக்கை அந்த 19-ல் நின்றது, அதற்குத்தான் 61.

இனி உங்களுக்கு:

– நோட்டில் முதல் கட்டம் நேரம். எண்ணை எழுதுவதற்கு முன் நேரத்தை எழுதுங்கள்.
– ஓத அட்டவணையைப் புறப்படும் முன்பே அச்செடுத்து நோட்டின் அட்டையில் ஒட்டுங்கள். ஓதம் பெருக்கிற அமாவாசை, பௌர்ணமியை வட்டமிடுங்கள்.
– மீட்டர் காட்டுவது மின்கடத்துத்திறன். அதைக் கிராமாக மாற்ற எந்தப் பெருக்கு எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று முதல் பக்கத்திலேயே குறியுங்கள்.
– மீட்டரைச் சரிபார்க்கும் திரவத்தில் 12.88 மில்லிசீமன்ஸ் குப்பியையும் வாங்குங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் மட்டும் போதாது, அது நல்ல தண்ணீருக்கு. கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.
– மண், விதைநெல் எதையும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். மண் கொண்டுவரத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படி அனுமதி வேண்டும்.
– இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் ஓர் எழுத்துதான் இருக்கும். பயணச்சீட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். இதற்காக ஒரு வாரம் அலைந்தேன்.

பேச்சு வராதவர்கள் பேசுகிற ஆளோடு சேராதீர்கள் என்பது என் கட்சி. எல்லோரும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். பேசுகிறவர் இருந்தால் நீங்கள் வாயே திறக்கமாட்டீர்கள். நாங்கள் இருவருமே ஊமைக்கோட்டான்கள். வேறு வழியில்லாமல் பேசினோம். நன்னீருக்கு அங்கே தண்ணீர் என்ற சொல்லோடு 'ஙொத்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இனிப்பு என்று பொருள். அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு சரி, ங-வில் தொடங்கும் சொல்லை அன்றுதான் முதல்முறை வாயால் சொன்னேன். ஒரு வீட்டில் நன்னீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்க நினைத்துச் சொல்லை மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய் இரண்டு புட்டி ஆரஞ்சு சோடா கொண்டுவந்து வைத்தார். குளிர்பானத்துக்கும் அதே சொல்தானாம்!

இன்னொன்று. ஊர்ப் படங்கள் எடுத்துப்போங்கள், கோயில் கோபுரம் வேண்டாம். 2018 கஜா புயலில் எங்கள் கொல்லையில் சாய்ந்த தென்னைகளின் படம் என்னிடம் இருந்தது. அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன தென்னை விவசாயி, அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். மொழிபெயர்த்த மாணவருக்கு மூச்சு வாங்கியது.

ஊருக்கு வந்ததும் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கடைமடையில் தண்ணீரைத் தடுத்து விடும் ரெகுலேட்டரில் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். பரணிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துத் தட்டினார். பக்கத்துக்குப் பக்கம் இடது ஓரத்தில் மணி, அதற்கு அடுத்து ஓதம் ஏற்றமா வற்றமா, கடைசியில்தான் ஷட்டர் எத்தனை அடி. "ஓதம் பார்க்காமலா தண்ணீரில் கை வைத்தாய்?" என்றார். நான் பிறந்ததிலிருந்து அந்த நோட்டு அதே பரணில்தான் இருந்திருக்கிறது.

சிவப்புக் கோடு போட்ட என் நோட்டு விடுதி அறையில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை மாலை வாருங்கள். விசா பற்றிக் கேட்க வராதீர்கள்.